ஜப்பானின் வடக்கிலுள்ள சப்போரோ நகரின் கடும் பனிக்காலத்தில் வாழ்வது எப்படி இருக்கும்? அதை ரசிக்க முடியுமா?

ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து மீட்டர் பனி கொட்டும் ஊரில் காலம் தள்ளுவது தண்டனையாக இராதா என்று கேட்டிருக்கிறீர்கள். சப்போரோவில் வசிப்பவன் என்ற முறையில் சொல்வதானால், பனி கொட்டும் நாள்களால் இங்கு பெரிய தொல்லை இல்லை. கொட்டிய பனி இளகி மறுபடியும் உறைகிற நாள்கள்தான் ஆளைப் படுத்துகின்றன.

சைபீரியாவிலிருந்து புறப்படும் வறண்ட குளிர்காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை முகந்துகொண்டு வந்து சப்போரோ இருக்கும் ஹொக்கைடோ தீவின் மேற்குப் பகுதியில் பனியாக இறக்கிவிடுகிறது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வெப்பநிலை பெரும்பாலும் பூச்சியத்துக்குக் கீழேயே நிற்பதால், விழும் பனி சலித்த அரிசிமாவைப் போல உலர்ந்திருக்கும். குடை பிடிப்பவர்கள் குறைவு. வாசலில் நின்று மேலங்கியை ஒரு தடவை உதறினால் போதும்.

டிசம்பரும் மார்ச்சும் அப்படியல்ல. பகலில் இளகியது இரவில் வழவழவென்று இறுகிவிடும். ஆணி பதித்த டயர்கள் சாலையைச் சுரண்டித் தூசியைக் கிளப்பியதால் 1990-இல் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றினார்கள்; காற்று தூய்மையானது, ஆனால் ஆணியில்லாத டயர்கள் உருண்டு உருண்டு நாற்சந்திகளை மெருகேற்றிவிட்டன. அதனால்தான் சாலையோரப் பெட்டிகளில் பொடிக்கல் பைகளை வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பையைப் பிரித்துத் தூவிக்கொண்டே கடக்கலாம்.

பத்து சென்டிமீட்டர் அளவுக்குப் புதுப்பனி சேர்ந்தால், நள்ளிரவுக்குப் பின் மாநகராட்சியின் பனி அகற்றும் வண்டிகள் இறங்கிவிடும். சாலை விடிவதற்குள் திறந்துவிடும். ஆனால் அவை ஒதுக்கிய கெட்டிப் பனி நம் வாசலை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதைச் சாலைக்கே திருப்பித் தள்ளக் கூடாது என்பது விதி. எனவே அலுவலகம் கிளம்புமுன், ‘மாமா-சான் டம்ப்’ என்று இங்குள்ளவர்கள் அழைக்கும் அகன்ற வாரியை இரு கைகளாலும் பிடித்து, வீட்டு எல்லைக்குள்ளேயே ஓர் ஓரமாகக் குவிக்க வேண்டும். இடுப்பு வலிக்கும், உண்மைதான். ஆனாலும் மற்ற மாதங்களில் தலையசைப்போடு போய்விடும் பக்கத்து வீட்டார் நின்று நாலு வார்த்தை பேசுவது இந்த நேரத்தில்தான்.

வீட்டுக்குள் குளிர் தெரியாது. இரட்டைச் சன்னலும் மண்ணெண்ணெய் அடுப்பும் பார்த்துக்கொள்ளும். எரிபொருள் செலவு மட்டும் உறைக்கும். வெளியே போக வர, 1971-இல் தொடங்கிய சுரங்க ரயில் இருக்கிறது. அதன் தடங்களில் ஒன்றான நம்போகு, தரைக்கு மேலே வரும் தெற்குப் பகுதியையும் பனி படாதபடி அலுமினியக் கூரையால் மூடியிருக்கிறார்கள். சப்போரோ ரயில் நிலையத்திலிருந்து நகர மையமான ஓதோரி வரை 2011-இல் திறந்த நிலத்தடி நடைபாதையும் உண்டு.

ரசிப்பதற்கு எல்லோரும் சொல்வது, 1950-இல் பள்ளி மாணவர்கள் ஓதோரி பூங்காவில் அமைத்த ஆறு சிலைகளிலிருந்து வளர்ந்த பனித் திருவிழா. பார்க்க வேண்டியதுதான், ஆனால் கூட்டம் நெரியும். என் விருப்பம் நகஜிமா பூங்கா. அங்கே சமதரையில் சறுக்கி நடப்பதற்குத் தடம் போட்டுவைக்கிறார்கள். காலில் மாட்டும் சறுக்குக் கட்டைகளும் அங்கேயே இரவல் கிடைக்கும், மலைச்சரிவில் பாயும் துணிச்சல் தேவையில்லை.

வருவதாக இருந்தால் ஜனவரி இறுதியில் வாருங்கள். காலணியை மட்டும் ஊரிலிருந்து வாங்கி வராதீர்கள். உறைந்த தரையைப் பற்றும் அடிப்பாகம் கொண்டவை இங்குள்ள கடைகளில் எளிதாகக் கிடைக்கும்.