காமிக்ஸ் சூப்பர் ஹீரோக்களைப் படமாக எடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? தமிழில் ஏன் சரியாக வரமாட்டேன் என்கிறது?

பட்ஜெட், கிராஃபிக்ஸ் என்று பலரும் சொல்வார்கள். அதுவும் உண்டுதான். ஆனால் சென்னையில் விளம்பரங்களுக்கும் சினிமாவுக்கும் ஸ்டோரிபோர்டு (படமெடுக்கும் முன் காட்சிகளைக் கட்டம் கட்டமாக வரைவது) வரைந்து பிழைக்கிறவன் என்ற முறையில் என்னைக் கேட்டால், முதல் தலைவலி முகம்தான் என்பேன்.

காகிதத்தில் முகமூடி ஒரு தொந்தரவே இல்லை. 1936-இல் லீ ஃபாக் உருவாக்கிய வேதாளரை (ஆங்கிலத்தில் ஃபேண்டம்) இந்திரஜால் காமிக்ஸ் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். முகமூடிக்குள் கருவிழியே இருக்காது, வெறும் வெள்ளை. பேட்மேனுக்கும் அப்படித்தான். அந்த வெள்ளையைக் கொஞ்சம் ஒடுக்கி வரைந்தால் கோபம், விரித்து வரைந்தால் அதிர்ச்சி. ஸ்பைடர்மேன் மாட்டியிருப்பது துணி. ஆனாலும் கட்டத்துக்குக் கட்டம் கண் பெரிதாகும், சிறிதாகும். படிக்கிற யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை. அதே துணியை ஒரு நடிகருக்கு மாட்டி கேமரா முன்னால் நிறுத்துங்கள், அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியாது.

பறப்பதைக்கூட எப்போதோ சமாளித்துவிட்டார்கள். 1978-இல் சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவைக் கம்பியில் தொங்கவிட்டு, பின்னால் படம் காட்டியே நம்ப வைத்தார்கள். சூப்பர்மேனுக்கு முகமூடி கிடையாது என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள்.

முகமூடிக்காரர்களிடம்தான் ஹாலிவுட் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியது. சாம் ரைமி 2002-இல் எடுத்த ஸ்பைடர்மேனில் கடைசிச் சண்டை வரும்போது முகமூடி பாதி கிழிந்துவிடும். 2004-இல் வந்த இரண்டாம் பாகத்தின் ரயில் காட்சியில் இன்னும் ஒரு படி மேலே போனார். முகமூடியைக் கழற்றிவிட்டுத்தான் அவன் ரயிலை நிறுத்துகிறான். இரண்டு கையிலும் வலையைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, முகம் கோணிப்போகக் கத்துவான். ரயில் நின்றதும் மயங்கி விழப்போகிறவனைப் பயணிகள் பிடித்து, தலைக்கு மேல் தூக்கி, கை மாற்றிக் கை மாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைப்பார்கள். அப்புறம்தான் அவன் ஒரு சின்னப் பையன் என்று அவர்களுக்குத் தெரியும். முகமூடியோடு இந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள், ஒன்றுமே மிஞ்சாது.

அதே 2002 படத்தின் வில்லனுக்கு நேர்ந்தது அநியாயம். வில்லெம் டஃபோவின் முகமே போதும், குழந்தைகள் அலறும். அதன் மேல் வாய்கூட அசையாத கெட்டியான பச்சை முகமூடியைக் கவிழ்த்துவிட்டார்கள். 2021-இல் அதே பாத்திரத்தில் திரும்பி வந்தபோது அந்த முகமூடியை உடைத்துப் போட்டுவிட்டு வெறும் முகத்தோடு மிரட்டினார், பாருங்கள்!

2008-இல் அயர்ன்மேனுக்கு வேறு வழி பிடித்தார்கள். கேமராவை ஹெல்மெட்டுக்குள்ளேயே வைத்ததுபோல ராபர்ட் டௌனி ஜூனியரின் முகத்தைக் காட்டினார்கள். எனக்குத் தெரிந்து மிகப் புத்திசாலித்தனமான தீர்வு இதுதான். 2016-இல் ஸ்பைடர்மேனின் கண்ணுக்கே சுருங்கி விரிகிற மூடி வைத்த பிறகு, காமிக்ஸில் இருந்த அந்தக் கண் ஒருவழியாகத் திரைக்கு வந்து சேர்ந்தது.

தமிழ் ஆட்களுக்கு ரொம்பப் பொருந்துவது ஜட்ஜ் ட்ரெட் கதை. பிரிட்டிஷ் காமிக்ஸ், 1977-இல் தொடங்கியது. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் முகத்தை முழுசாகக் காட்டுவதில்லை என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் விசேஷமே. 1995-இல் ஸ்டாலோன் நடித்தார், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார், ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். 2012-இல் கார்ல் அர்பன் படம் முழுக்கக் கழற்றவே இல்லை. காமிக்ஸுக்கு விசுவாசமான படம், தியேட்டரில் ஓடவில்லை.

இப்போது கோடம்பாக்கத்துக்கு வாருங்கள். இங்கே டிக்கெட் விற்பதே முகம்தான். பத்துப் பேரை ஒரே அடியில் பறக்கவிடுகிற சக்தியை நம் ஹீரோக்களுக்கு எப்போதோ கொடுத்தாயிற்று. அதற்கு முகமூடி எதற்கு என்று ரசிகர் கேட்டால் அதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு நண்பருக்காக இரும்புக்கை மாயாவியைச் சில ஃபிரேம்கள் வரைந்து, வடபழனியில் ஒரு தயாரிப்பாளரிடம் கொண்டுபோனோம். உரிமை வாங்குவதெல்லாம் அப்புறம், முதலில் ஆர்வம் வருகிறதா பார்க்கலாம் என்று. தெரியாதவர்களுக்கு: 1962-இல் பிரிட்டனில் வேலியண்ட் இதழில் பிறந்தவர், 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழிலேயே தமிழுக்கு வந்துவிட்டார். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் தெரியும். அந்தரத்தில் ஒரு கை, அதில் துப்பாக்கி, எதிரே மிரண்டு நிற்கும் அடியாள். வரைகிறவனுக்குக் கொண்டாட்டம். தயாரிப்பாளர் நிதானமாகப் புரட்டினார்.

"சூப்பரா இருக்கு தம்பி. இதுல ஹீரோ எங்க?"

"இதோ, இந்தக் கைதான் சார்."

"கைக்கு யாருப்பா கால்ஷீட் குடுப்பாங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்டது நூற்றுக்கு நூறு தொழில் கேள்வி. தவிர, நந்தனம் புத்தகக் காட்சியில் மாயாவி மறுபதிப்பு வாங்க நிற்பவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருக்கிறது. அவர்களை மட்டும் நம்பி ஒரு படம் ஓட்ட முடியாது.

நம் பக்கத்தில் உருப்படியாக வந்த இரண்டுமே காமிக்ஸிலிருந்து எடுத்தவை அல்ல. மலையாள மின்னல் முரளியில் (2021) ஹீரோ தையல்காரன், முகமூடி போடுகிறவன். ஆனால் மனசைப் பிடித்தது வில்லனாக வந்த நம் குரு சோமசுந்தரம்தான். அவருடைய காதல் காட்சியில் அவர் முகம் அப்படியே திறந்து கிடக்கும். மாவீரனில் (2023) சிவகார்த்திகேயன் படக்கதை வரைகிறவர். அவருக்கு மட்டும் கேட்கிற குரல் விஜய் சேதுபதியுடையது. காமிக்ஸ் கட்டத்தின் மேலே வருமே விவரணைப் பெட்டி, அதைத்தான் ஒலியாக மாற்றியிருக்கிறார்கள். முகமூடியே இல்லை. காமிக்ஸை உண்மையிலேயே புரிந்துகொண்ட தமிழ்ப் படம் என்று எனக்குத் தோன்றுவது அதுதான்.

மாயாவியை இன்றைக்குத் திரும்ப வரையச் சொன்னால், மறைவதை விட்டுவிட்டுத் தெரிவதைப் பிடித்துக்கொள்வேன். மின்சாரத்தின் வீரியம் தீர்ந்தால் உடம்பு திரும்பவும் தெரிய ஆரம்பித்துவிடும் என்பது மூலக் கதையிலேயே இருக்கிறது. ஆரம்பத்தில் அந்த ஆள் நல்லவனும் இல்லை. ஆய்வுக்கூட உதவியாளனாக இருந்து திருட்டில் இறங்கியவன். பாதித் திருட்டில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் கரண்ட் தீர்ந்து முகம் மெதுவாகத் தெரியத் தொடங்கினால், அந்த முகத்தில் இருக்கிற பயத்தை எந்தப் பெரிய நடிகரும் நடிக்க ஒப்புக்கொள்வார். கால்ஷீட்டும் கிடைக்கும்.