மாதவிலக்கு நின்று 5 வருடம் கழித்து ரத்தக் கறை

கேள்வி: வயது 57. சர்க்கரை உண்டு, எடையும் கூடுதல். இடுப்பு வலி, முடி கொட்டுகிறது. கறுப்பு உள்ளாடை போட்டால் கர்ப்பப்பை கெடும் என்கிறார்களே, உண்மையா? மாதவிலக்கு நின்று 5 வருடம் ஆகிறது. போன மாதம் இரண்டு தடவை லேசாக ரத்தக் கறை பட்டது. சூடு என்று அக்கா சொன்னதால் கச்சிப் பாத்திமா மூலிகை குடிக்கிறேன். இப்படிக் கறை பட்டால் 100-க்கு 90 பேருக்குப் புற்றுநோய் என்று ஓர் ஆராய்ச்சி வாட்ஸ்அப்பில் வந்தது. போன வருடம் பேப் ஸ்மியர் நன்றாகத்தான் இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகவே பயமாக இருக்கிறது.
– வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: அம்மா, அந்த ஆராய்ச்சி நிஜம்தான். அதைத் தலைகீழாகப் படித்துவிட்டு யாரோ உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் மேகன் கிளார்க்கும் அவருடைய குழுவினரும் 2018-இல் வெளியிட்டது அது. 129 ஆய்வுகளைத் திரட்டி, 40,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரத்தைப் பார்த்தார்கள். கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் வந்தவர்களில் 100-க்கு ஏறக்குறைய 90 பேருக்கு முன்னதாக ரத்தம் பட்டிருந்தது. உங்களுக்கு வந்த 90 இதுதான். ஆனால் மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டவர்களை எடுத்துப் பார்த்தால், 100-க்குச் சுமார் 9 பேருக்கே புற்றுநோய். காலொடிந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவர்களாக இருக்கலாம். அதற்காக மோட்டார் ஓட்டுகிற எல்லாருக்குமா கால் ஒடிகிறது? ரத்தம் பட்ட மற்றவர்களுக்குப் பெரும்பாலும் உட்சுவர் மெலிந்து வறண்டிருக்கும், அல்லது சின்னச் சதை வளர்ந்திருக்கும்.

சரி, 9 பேர்தானே என்று வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த 9 பேரில் நீங்கள் ஒருவரா இல்லையா என்பது பரிசோதித்தால்தான் தெரியும். உங்களுக்குச் சர்க்கரையும் எடையும் வேறு இருக்கின்றன. மாதவிலக்கு நின்றபிறகும் உடல் கொழுப்பு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தந்துகொண்டே இருக்கும். அதற்கு எதிராக நிற்கும் புரோஜெஸ்டரோன் என்ற இன்னொரு ஹார்மோன் நின்றுபோனதால் உட்சுவர் தடித்துக்கொண்டே போகலாம். இந்தப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே ரத்தமாக வெளியில் காட்டிக்கொடுக்கும். அப்போதே பிடித்தால் பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவையோடு முடிந்துவிடும்.

பேப் ஸ்மியர் கர்ப்பப்பையின் வாயைப் பார்ப்பது. உட்சுவருக்கு அது பதில் சொல்லாது. போன வருட முடிவை வைத்துக்கொண்டு நிம்மதி அடைய வேண்டாம்.

கச்சிப் பாத்திமாவை இன்றே நிறுத்துங்கள். மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கு ரத்தம் பட்டால் அதற்குச் சூடு காரணம் என்று எந்த அக்கா சொன்னாலும் கேட்காதீர்கள். ஈஸ்ட்ரோஜன்போல வேலை செய்யக்கூடும் என்று ஆராயப்படுகிற மூலிகை அது. ரத்தம் பட்டுக்கொண்டிருக்கும்போது குடிக்கிற பொருளா? பாட்டிலைத் தூக்கிப் போடாமல் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இந்த வாரமே அரசுக் கிளினிக்குக்குப் போங்கள். பதிவுக்கு 1 வெள்ளி (ரிங்கிட்). "மாதவிலக்கு நின்று 5 வருடம், இப்போது ரத்தம் படுகிறது" என்று வாசலிலேயே மிஸ்ஸியிடம் (நர்ஸிடம்) சொல்லுங்கள். இடுப்பு வலியில் தொடங்கினால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கேளுங்கள். அங்கே ஸ்கேனில் உட்சுவரின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவு என்றால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. கூடுதலாக இருந்தால், அல்லது ரத்தம் திரும்பத் திரும்பப் பட்டால், சுமார் 3 மில்லிமீட்டர் குழாயை உள்ளே விட்டுக் கொஞ்சம் திசு எடுப்பார்கள். மாதவிலக்கு நாள் வலிபோல அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும், சில நிமிடம்தான். பெண் டாக்டர் வேண்டும் என்றால் தயங்காமல் கேளுங்கள்.

கறுப்பு உள்ளாடையால் ஒன்றும் ஆகாது. முடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இத்தனை வருடம் குனிந்து வேலை செய்த இடுப்பாக இருந்தால் வலிக்கத்தான் செய்யும். அதையும் அதே டாக்டரிடம் காட்டுங்கள், ஆனால் இரண்டாவதாக.

போகிற நாளுக்குள் கறை நின்றுவிட்டாலும் போங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைகிற அளவு கொட்டினாலோ, தலை சுற்றி மயக்கம் வந்தாலோ, கிளினிக் திறக்கும்வரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள்.