நுண்ணறிவு ஒன்றா, பலவா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ‘பன்முக நுண்ணறிவு’ வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். உடல் இயக்க நுண்ணறிவும் இசை நுண்ணறிவும் மிகுதி, கணித நுண்ணறிவு குறைவு என்று முடிவு வந்திருக்கிறது. “இவளுக்குக் கணக்கு வராது, வற்புறுத்தாதீர்கள்” என்கிறார் ஆசிரியை. அவளும் கணக்குப் புத்தகத்தைத் தொடுவதையே விட்டுவிட்டாள். இந்தக் கோட்பாட்டை எந்த அளவுக்கு நம்பலாம்?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: கோட்பாட்டைப் பற்றி உளவியலாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் உங்கள் மகளுக்குக் கணக்கு வராது என்ற முடிவுக்கு அந்தக் கோட்பாட்டிலேயே இடமில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழக உளவியலாளர் ஹோவர்டு கார்ட்னர் 1983-இல் இதை ஒரு நூலாக முன்வைத்தார். மொழி, தருக்கமும் கணிதமும், இசை, இடவெளி, உடல் இயக்கம், பிறரை அறிதல், தன்னை அறிதல் என ஏழு நுண்ணறிவுகளை வகுத்த அவர், இயற்கையை அறிதலைப் பின்னாளில் எட்டாவதாகச் சேர்த்தார். இந்த முடிவுக்கு அவர் வினாத்தாள் கொடுத்து வந்துவிடவில்லை. மூளையில் அடிபட்ட நோயாளிகளிடம் ஒரு திறன் அழிந்த பிறகும் இன்னொன்று தப்பி நிற்பதை பாஸ்டனில் நேரில் ஆராய்ந்தவர் அவர். ரஷ்ய இசையமைப்பாளர் விசாரியோன் ஷெபாலின் பக்கவாதத்தால் பேச்சுத் திறனைப் பெரிதும் இழந்த பிறகும் இசை எழுதுவதை நிறுத்தவில்லை; தமது ஐந்தாவது சிம்பொனியை அந்த நிலையில்தான் எழுதி முடித்தார். மொழியும் இசையும் மூளையில் ஒரே இடத்தை நம்பி இருந்தால் இது நடந்திருக்குமா என்பது நியாயமான கேள்விதான்.

இதற்கு எதிர்த் தரப்பில் நிற்கும் சான்று கார்ட்னருக்கு மிகவும் முந்தியது. 1904-இல் இங்கிலாந்தின் சார்லஸ் ஸ்பியர்மேன் பள்ளிப் பிள்ளைகளின் மதிப்பெண்களை ஒப்பிட்டபோது, ஒரு பாடத்தில் முன்னிற்பவர் பெரும்பாலும் மற்றப் பாடங்களிலும் முன்னிற்பதைக் கண்டு, எல்லாத் திறன்களுக்கும் அடியில் ஒரு பொதுக் காரணி இருக்கிறது என்றார். அமெரிக்காவின் லூயிஸ் தர்ஸ்டன் 1938-இல் அதை மறுத்து ஏழு அடிப்படைத் திறன்களைப் பட்டியலிட்டார்; ஆனால் அந்த ஏழும் ஒன்றோடொன்று ஓரளவு தொடர்புடையவை என்பதை அவரும் பிறகு ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அமெரிக்க உளவியலாளர் ஜான் கரோல் 460-க்கும் மேற்பட்ட பழைய ஆய்வுத் தரவுகளைத் திரும்பக் கணக்கிட்டு 1993-இல் ஒரு முடிவுக்கு வந்தார்: மேலே ஒரு பொதுத் திறன், அதற்குக் கீழே சில அகன்ற திறன்கள், அவற்றுக்கும் கீழே பல சிறு திறன்கள். இன்றைய நிலையில் சான்று மிகுந்த விளக்கம் இதுதான் என்பது என் கருத்து. கனடாவில் மூன்று உளவியலாளர்கள் கார்ட்னரின் எட்டு வகைகளுக்கும் ஏற்ற சோதனைகளை 200 பேரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்விலும், அறிவு சார்ந்த வகைகள் பலவும் அதே பொதுக் காரணியோடு சேர்ந்துகொண்டன. இசையும் உடல் இயக்கமும் பெரிதும் விலகி நின்றன.

ஆக, உங்கள் மகள் ஆட்டத்திலும் பாட்டிலும் சிறந்தவள் என்பது உண்மையாகவே இருக்கலாம். அதனால் கணக்கில் அவளுக்குக் குறை வந்துவிடும் என்று எந்தக் கோட்பாடும் சொல்லவில்லை. இத்தகைய வினாத்தாள்கள் பெரும்பாலும் ‘எனக்குப் பாடப் பிடிக்கும்’, ‘எண்களோடு விளையாடப் பிடிக்கும்’ என்பது போன்ற வாக்கியங்களுக்கு நேரே குறி இடச் சொல்பவை. அவை விருப்பத்தைக் கேட்கின்றனவே தவிர, திறனை அளப்பதில்லை. கணக்கில் நாலு முறை மதிப்பெண் குறைந்த எந்தப் பிள்ளையும் பிடிக்காது என்றுதான் குறி இடும். பிள்ளைகளை இன்ன வகையினர் என்று பிரித்து அதற்கேற்பக் கற்பிப்பதற்குத் தமது கோட்பாட்டைத் துணைக்கு அழைப்பதைக் கார்ட்னரே மறுத்து எழுதியிருக்கிறார்.

இந்தத் துறை எங்கிருந்து தொடங்கியது என்பதையும் உங்கள் ஆசிரியைக்கு எடுத்துச் சொல்லுங்கள். 1905-இல் பாரிஸில் ஆல்பிரட் பினேயும் தியோடர் சிமோனும் முதல் நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியது, வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து அவர்களுக்குத் தனிக் கவனம் கொடுப்பதற்காக. ஒருவரின் அறிவு கூட்ட முடியாத அளவு என்று சொன்னவர்களைப் பினே கடுமையாகக் கண்டித்தார். உங்கள் மகளை உட்கார வைத்து, ஐந்தாம் வகுப்புப் பின்னங்களிலிருந்து போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எந்தப் படியில் தடுக்கியது என்பது சில நாட்களிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத என் தந்தை காய்கறி மண்டியில் விரல் விடாமல் கணக்குச் சொல்வார். பி.காம். படித்த நான் கைப்பேசியைத் தேடுகிறேன். அவருடைய அறிவை உளவியல் எந்தக் கணக்கில் வைக்கிறது?
– ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: உங்கள் தந்தையைப் போன்றவர்களை முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் வியாபாரம் செய்த 9 முதல் 15 வயது வரையிலான ஐந்து பிள்ளைகளிடம் ஆய்வாளர்கள் வாடிக்கையாளர்களைப் போலச் சென்று பொருள் வாங்கினார்கள். ஒரு தேங்காய் 35 குரூசேரோ என்றால் நான்கு என்ன விலை என்று கேட்டதற்கு ஒரு சிறுவன், மூன்றுக்கு 105, அதோடு 30 சேர்த்தால் 135, பிறகு 140 என்று வாயாலேயே கூட்டிச் சொல்லிவிட்டான். அதே சிறுவனிடம் பின்னர் 35-ஐ 4-ஆல் பெருக்கு என்று தாளில் கொடுத்தபோது, நாலைந்து இருபது, மீதி 2; அந்த 2-ஐ 3-உடன் கூட்டி 5, ஐந்நாலு இருபது என்று போட்டு, 200 என்று விடை எழுதினான். சந்தையில் கேட்ட கணக்குகளில் 98.2 சதவீதம் சரியாக வந்தது. வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 36.8 சதவீதம்தான் வந்தது. 1985-இல் வெளியான இந்த ஆய்வை நினைக்கும்போதெல்லாம், தேர்வுத் தாளை மட்டும் வைத்து எத்தனை பிள்ளைகளை மக்கு என்று ஒதுக்கியிருப்போம் என்ற வேதனை எழுகிறது.

அதே 1985-இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஸ்டெர்ன்பெர்க், பகுத்தாராயும் அறிவு, புதியது காணும் அறிவு, நடைமுறை அறிவு என்ற மூவகைக் கோட்பாட்டை நூலாக வெளியிட்டார். உங்கள் தந்தையிடம் இருப்பதை அவர் மூன்றாவதில் சேர்ப்பார். நடைமுறை அறிவு பொதுத் திறனிலிருந்து எவ்வளவு தூரம் தனித்தது என்பதில் வாதம் ஓயவில்லை. ஆனால் 105-க்கு மேல் 35-ஐ ஏற்றத் தெரிந்த பிள்ளைக்குக் கணிதம் தெரியாது என்று எந்தத் தரப்பும் சொல்ல முடியாது.

கேள்வி: கைரேகையைப் பதிவு செய்து பிள்ளையின் பிறவி நுண்ணறிவுகளைச் சொல்வதாக ஒரு நிறுவனத்தார் பள்ளிக்கு வந்திருந்தார்கள். பல ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், ஓசூர்

பதில்: கொடுக்க வேண்டாம். விரல் ரேகைகள் கருவிலேயே உருவாகிவிடுகின்றன என்பது உண்மை. அவற்றைப் பார்த்து எட்டு வகை நுண்ணறிவுகளைக் கணித்துவிடலாம் என்பதற்கு அறிவியல் சான்று கிடையாது. கார்ட்னர் பெயரைச் சொல்லி விற்கப்பட்டாலும் அவருடைய கோட்பாட்டில் ரேகைக்கு வேலையே இல்லை. பிள்ளை படிப்பில் உண்மையிலேயே திணறுவதாகத் தோன்றினால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மருத்துவ உளவியலாளரைக் கேளுங்கள். பினே சோதனையை வி. வி. காமத் இந்தியப் பிள்ளைகளுக்கேற்ப மாற்றியமைத்த வடிவம் போன்ற சோதனைகளை, பிள்ளையைத் தனியே உட்கார வைத்துப் பேசிப் பேசி நடத்துவார்கள். போகும்போது பள்ளி நோட்டுகளையும் மதிப்பெண் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.