பாய்மரக் கப்பல் காலத்தில் எதிரியிடம் பிடிபட்ட போர்க்கப்பலை என்ன செய்வார்கள்? மூழ்கடித்துவிடுவார்களா?

கூடுமானவரை மூழ்கடிக்க மாட்டார்கள். மூழ்கடித்தால் நஷ்டம் பிடித்தவர்களுக்குத்தான். பிரிட்டிஷார் பிடித்த கப்பல் நல்ல நிலையில் இருந்தால் பிரிட்டிஷ் கடற்படையே அதை விலைக்கு வாங்கிக்கொள்ளும். அந்தப் பணம் கேப்டன் முதல் கடைசி மாலுமி வரை பங்கிடப்படும். கேப்டனுக்குக் கொழுத்த பங்கு, மாலுமிக்குச் சில்லறை. பிறகு அதே கப்பல் புதுக் கொடியோடு பழைய எஜமானர்களையே துரத்தப் புறப்படும்.

இதற்கு நல்ல உதாரணம் கன்னியாகுமரிக்குப் பக்கத்துக் கடலிலேயே நடந்த ஒரு சண்டை.

1782-இல் துலோனில் கட்டப்பட்ட ‘மினெர்வ்’ என்ற பிரெஞ்சு ஃபிரிகேட் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்), 1794-இல் கோர்சிகா தீவின் சான் ஃபியோரென்சோ விரிகுடாவில் பிரிட்டிஷ் பீரங்கிகளுக்கு இரையாகி மூழ்கியது. பிரிட்டிஷார் அதைத் தூக்கி நிறுத்திச் செப்பனிட்டு, ‘சான் ஃபியோரென்சோ’ என்று அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்கள். 1805-இல் விசாகப்பட்டினம் பக்கத்தில் ‘சைக்கே’ என்ற பிரெஞ்சுக் கப்பலை அது பிடித்தது. அதுவும் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தது.

1808 மார்ச்சில் கொழும்பிலிருந்து பம்பாய்க்குப் போகும் வழியில், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் மூன்றைக் குறிவைத்து வந்த ‘பியமோன்தேஸ்’ என்ற பிரெஞ்சு ஃபிரிகேட் இந்தப் பழைய மினெர்வின் கண்ணில் பட்டது. ஆக, மோதிய இரண்டுமே பிரான்சில் கட்டிய கப்பல்கள்! துரத்தலும் சண்டையுமாக மூன்று நாள் போனது. மார்ச் 8-ஆம் தேதி மாலையில், ஒரு மணி இருபது நிமிட நேரம் நெருங்கி நின்று சுட்டுக்கொண்ட பிறகு, பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிச் சரணடைந்தார்கள். படகு அனுப்பச் சொல்லித் தொப்பிகளை ஆட்டினார்களாம். அதைப் பார்க்க பிரிட்டிஷ் கேப்டன் ஹார்டிஞ்ச் உயிரோடு இல்லை. அன்றைய மோதலின் தொடக்கத்திலேயே குண்டு பட்டு இறந்துவிட்டார்.

பியமோன்தேஸில் 48 பேர் இறந்தார்கள், 112 பேர் காயமடைந்தார்கள். அந்தக் கப்பலில் பாய் இழுக்கும் வேலைக்கு மட்டும் ஏறக்குறைய 200 லஸ்கர்கள், அதாவது ஆசிய மாலுமிகள், இருந்தார்கள். யாருடைய சண்டையோ, நடுவில் இவர்கள். ஹார்டிஞ்சுக்கு லண்டன் புனித பால் பேராலயத்தில் நினைவுச் சின்னம் உண்டு. லஸ்கர்களுக்குக் கிடைத்தது அறிக்கையில் அரை வரி.

பாய்மரங்கள் சரிந்து கிடந்த அந்தக் கப்பலைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட்டு, பெயரைக்கூட மாற்றாமல் கடற்படையில் சேர்த்தார்கள். 1810-இல் டச்சுக்காரர்களிடமிருந்து ஜாதிக்காய் விளையும் பண்டா தீவைப் பறித்த சிறு படையில் அதுவும் ஒன்று. ஆனால் ஆயுசு கெட்டியில்லை. 1813-இல் லண்டன் பக்கத்து வுல்விச்சில் உடைத்துவிட்டார்கள். அதைப் பிடித்த பழைய மினெர்வோ, கடைசியில் நோய்த்தடுப்புக் காவலுக்கான மிதக்கும் கூடமாகி, 1837 வரை தாக்குப்பிடித்தது.