152 ஓட்டுக்கு முன்னாடியும் பின்னாடியும்

கேள்வி: அமெரிக்காவுல 1972ல ஜனாதிபதி வேட்பாளர் ஆகணும்னு போட்டி போட்ட ஷெர்லி சிஷோமுக்கு ஜனநாயகக் கட்சி மாநாட்டுல கிடைச்சது வெறும் 152 ஓட்டு. தோத்துப்போன ஒருத்தரை முன்னோடின்னு தூக்கிவெச்சு எழுதுறீங்களே, அப்படி என்ன சாதிச்சாங்க?

பதில்: ஒரே ஒரு வருஷத்த மட்டும் பிச்சு எடுத்து எண்ணுறீங்க. அவங்க அரசியலுக்கு வந்த வழி நர்சரி ஸ்கூல் வழி. 1946ல நியூயார்க்ல புரூக்ளின் காலேஜ் முடிச்சுட்டு சின்னப் புள்ளைங்களுக்கு டீச்சர், அப்புறம் மன்ஹாட்டன்ல ஒரு பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்துக்கு டைரக்டர், வேலைக்குப் போற அம்மாவோட கஷ்டம் அவங்க புஸ்தகத்துல படிச்சு தெரிஞ்சுக்கிட்டது இல்ல, அவங்க அம்மாவே வீட்டுவேலை செஞ்சு, துணி தைச்சு புள்ளைங்கள வளர்த்தவங்க. உள்ளூர் கட்சி கிளப்ல சேர்ந்தப்ப குடுத்த வேலை என்ன தெரியுமா, குலுக்கல் சீட்டு போடுற சுருட்டுப் பெட்டிய அலங்கரிக்கிறது! பணம் திரட்டுறது பொம்பளைங்க, முடிவெடுக்கிறது ஆம்பளைங்க. அதைக் கேள்வி கேட்டுத்தான் மேல வந்தாங்க.

1964ல நியூயார்க் மாநில சட்டசபைக்கு ஜெயிச்சாங்க. 1968ல நாடே அறிஞ்ச கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் ஜேம்ஸ் ஃபார்மரை தோக்கடிச்சு, காங்கிரசுங்கிற அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன முதல் கறுப்பினப் பெண் ஆனாங்க. போனதும் அவங்களை விவசாயக் கமிட்டில போட்டாங்க, புரூக்ளின் நெரிசல்ல இருந்து வந்தவங்களுக்கு காடும் வயலும்! புதுசா வந்தவங்க வாய் திறக்கக் கூடாதுங்கிற வழக்கத்தை உடைச்சு சபையிலயே எதிர்த்துப் பேசி கமிட்டிய மாத்த வெச்சாங்க. எனக்கு அவங்ககிட்ட ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

1971ல குழந்தைகள் காப்பகத்துக்கு அரசு பணம் தர்ற மசோதாவுக்காக போராடினாங்க, ரெண்டு சபையிலயும் பாஸான மசோதாவை ஜனாதிபதி நிக்சன் வீட்டோ பண்ணித் தடுத்துட்டார். அது பெரிய அநியாயம், இன்னிக்கும் அங்க வேலைக்குப் போற அம்மாக்கள் அதோட வலிய அனுபவிக்கிறாங்க. ஆனா கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் சத்துணவு குடுக்க 1972ல வந்த திட்டம் இன்னும் ஓடிட்டு இருக்கு, அதுல அவங்க உழைப்பு இருக்கு.

நீங்க சொல்ற அதே 1972 தேர்தல் சமயத்துலதான் இன்னொன்னும் நடந்துச்சு. கறுப்பினத்தவரை ஒதுக்கி வெச்சே அரசியல் பண்ணின தெற்கு மாநிலமான அலபாமாவோட கவர்னர் ஜார்ஜ் வாலஸ், அவரும் அதே கட்சில போட்டி வேட்பாளர்தான், துப்பாக்கிச் சூட்டுல அடிபட்டு ஆஸ்பத்திரில கிடந்தார், இவங்க நேர்ல போய் பார்த்தாங்க. சொந்த ஆதரவாளர்களே கொதிச்சாங்க, அவங்க கோபமும் நியாயம்தான். அப்புறம் வீட்டுவேலை செய்றவங்களுக்கும் குறைந்தபட்ச கூலி வேணும்னு இவங்க அலைஞ்சப்ப, தெற்கு மாநில உறுப்பினர்கள்கிட்ட பேசி ஓட்டு வாங்கிக் குடுத்தவர் அதே வாலஸ். 1974ல அந்தக் கூலி சட்டமாச்சு. அவங்க அம்மா செஞ்ச அதே வேலைக்கு.