வெயிலில் வெந்நீர்: கணினிக் கணக்கு எங்கே பிசகுகிறது?

கேள்வி: சாயப்பட்டறைக்குத் தினமும் 80 டிகிரியில் 10,000 லிட்டர் வெந்நீர் வேண்டும். தட்டை சோலார் கலெக்டர் (வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் தட்டைப் பலகை) எத்தனை சதுர மீட்டர் போடலாம்? கணக்கிட எந்த மென்பொருள் நல்லது? (ஈரோடு வாசகர்)

பதில்: முதலில் தேவையைக் கணக்கிடுங்கள். 28 டிகிரித் தண்ணீரை 80-க்கு ஏற்ற 10,000 × 4.186 × 52 கிலோஜூல், அதாவது சுமார் 605 யூனிட் வெப்பம் வேண்டும். சதுர மீட்டருக்கு ஒரு நாளில் 5.5 யூனிட் வெயில், அதில் பாதி கிடைக்கும் என்றால் 220 சதுர மீட்டர். இது தோராயம்தான்.

கணக்கு பிசகுவது பெரும்பாலும் திறனில், அதாவது விழும் வெயிலில் எத்தனை சதவீதம் தண்ணீருக்கு வெப்பமாகச் சேர்கிறது என்பதில். விளம்பரத் தாளிலுள்ள 75 சதவீதம், கலெக்டரும் வெளிக்காற்றும் ஒரே சூட்டில் இருக்கும்போது மட்டுமே. சதுர மீட்டருக்கு வெயில் 700 வாட், காற்று 32 டிகிரி, இழப்புக் குணகம் (காற்றைவிடக் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் சதுர மீட்டருக்கு இழக்கும் வாட்) 4 என்று வையுங்கள். கலெக்டருக்குள் 28 டிகிரியில் நுழையும் நீர் 80-ல் வெளியேறி, சராசரி 54 டிகிரி என்றால் திறன் 62 சதவீதம். வெந்நீரைச் சேமிக்கும் தொட்டியில் மேலே உள்ள சூடான நீரும் அடியிலுள்ள குளிர்ந்த நீரும் கலந்து, 70 டிகிரி நீரே கலெக்டருக்குத் திரும்பினால் சராசரி 75 ஆகும். திறன் 50-க்கு இறங்கிவிடும். ஆகவே தொட்டியைக் குறைந்தது நான்கு அடுக்காகப் பிரித்துக் கணக்கிடுங்கள்.

மாதச் சராசரி வெயில் போதாது. ஆண்டின் 8,760 மணி நேரத்துக்கும் வெயில் அளவு வேண்டும். ஷிப்ட் நேரம், ஞாயிறு விடுமுறை இரண்டையும் சேருங்கள். தண்ணீர் இழுக்காத நாளில் கலெக்டர் கொதிநிலை தாண்டும்.

அமெரிக்காவின் என்ஆர்இஎல் என்ற ஆற்றல் ஆய்வகம் உருவாக்கிய இலவச 'சாம்' மென்பொருளில் தொழிற்சாலை வெப்பத்துக்கான பகுதி, பரவளைய வடிவ நீள்கண்ணாடி போன்ற, வெயிலை ஒருங்கே குவிக்கும் குவிப்பான்களுக்கானது. அதற்கு நேரடிக் கதிர் (மேகத்தில் சிதறாமல் சூரியனிலிருந்து நேராக வரும் வெயில்) அளவு தேவை. உங்களுக்கு எக்செல்லே போதும்.