பாலத்தைக் காப்பவரே எப்போதும் வெல்கிறாரா?

மேசைமேல் பொம்மை வீரர்களை நகர்த்தி ஆடும் உங்கள் போர் விளையாட்டில், பாலத்தைக் காப்பவரே ஐந்து ஆட்டங்களிலும் வென்றார் என்று எழுதியிருந்தீர்கள். தாக்குபவருக்குக் கூடுதல் படை கொடுக்காதீர்கள். அவருடைய படை புறப்படும் தொடக்கக் கோட்டினை 12 அங்குலம் முன்னே நகர்த்துங்கள்.

படைபலத்தைக் குறிக்கும் புள்ளிகள் இருவருக்கும் சமமாக இருந்தும் காப்பவரே வென்றதற்குத் தூரம்தான் காரணமாக இருக்கும். நீங்கள் எழுதியபடி பாலம் அந்தக் கோட்டிலிருந்து 30 அங்குலத்தில் இருக்கிறது, காலாட்படை சுற்றுக்கு 6 அங்குலம் நகர்கிறது. ஆறு சுற்றுகளில் ஐந்து நடையிலேயே கழிகின்றன, அதுவும் குண்டு மழையில். தாக்குகிற ஆட்டக்காரருக்கு முடிவெடுக்க என்ன மிச்சம் இருக்கிறது?

பகடையைத் தொடாமல், அளவு நாடாவை மட்டும் வைத்து வீரர்களை நகர்த்திப் பாருங்கள். மூன்றாம் சுற்று முடிவில் முன்வரிசை பாலத்தைத் தொட வேண்டும். பிறகு பக்கம் மாறி மாறி ஆடுங்கள். ஒரே ஆட்டத்தில் பகடை ஏமாற்றிவிடும்.

குதிரைப்படை இருந்தால் மட்டும் கவனம். 12 அங்குலம் பாய்கிற படைக்கு இது அளவுமீறிய சலுகை. அதை இரண்டாம் சுற்றில் மேசை விளிம்பிலிருந்து வரவையுங்கள்.